விருந்தாக வந்த பறவை: கோல்ரிட்ஜின் முதிய மாலுமி மீது ஒரு நிகழ்வு ஆய்வு

1797 நவம்பர் 13. பகல் சாயும் நேரத்தில், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், குவான்டாக் குன்றுகளை ஒட்டி மூன்று பேர் நடந்துபோகிறார்கள். கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜுக்கு வயது 25. உடன் வருபவர்கள் அவருடைய நண்பரும் கவிஞருமான வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டோரதியும். வானம் மூடிக் கிடக்கிறது, இருட்டு வேகமாக இறங்குகிறது. கையில் காசு குறைவு. ஒரு கதைப்பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் 5 பவுண்டு கிடைக்கும், பயணச் செலவுக்கு ஆகும் என்று பேசிக்கொள்கிறார்கள். வாட்செட் துறைமுகத்தை நோக்கி நடந்த அந்த 8 மைல் தூரத்தில் பாட்டின் கதை ஏறக்குறைய உருவாகிவிட்டது.

5 பவுண்டுக்காகத் தொடங்கிய வேலை அந்த அளவில் நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து, 1798 மார்ச் 23 அன்று, கோல்ரிட்ஜ் முடித்த பாட்டோடு வேர்ட்ஸ்வொர்த் வீட்டுக்கு வந்தார். அதே ஆண்டு இருவரும் பெயர் போடாமல் வெளியிட்ட தொகுப்பின் முதல் பாடலாக அது அச்சேறியது. ‘தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ என்ற முதிய மாலுமியின் பாட்டு அதுதான். ஏழு பாகங்கள், பிற்காலப் பதிப்பின்படி 625 வரிகள்.

இந்தப் பாட்டைப் பற்றிப் பள்ளியிலிருந்தே நமக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: ஒருவன் பறவையைக் கொன்றான், இயற்கை பழிவாங்கியது, அவன் திருந்தினான். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வழக்கின் கோப்பைப் பார்ப்பது போல, எது எப்போது நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று வரிசைப்படுத்திப் படித்தபோது அந்த நம்பிக்கை உடைந்துபோனது. பாட்டின் கால வரிசை வேறு ஒன்றைச் சொல்கிறது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

உண்மையில் சுடப்பட்ட பறவை

பறவையைக் கொல்லும் யோசனை வேர்ட்ஸ்வொர்த்துடையது. ஓரிரு நாள் முன்பு அவர் ஜார்ஜ் ஷெல்வாக் என்ற கப்பல் தலைவர் 1726இல் வெளியிட்ட உலகப் பயண நூலைப் படித்திருந்தார். தென்கடலுக்குள் நுழையும்போது மாலுமி ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்றைக் கொல்லட்டும், அந்தப் பகுதியைக் காக்கும் ஆவிகள் பழிதீர்க்கட்டும் என்று அவர் சொன்னார். அதாவது ‘இயற்கையின் பழி’ என்று நாம் இன்று சொல்வதற்கான விதையே வேர்ட்ஸ்வொர்த் போட்டதுதான்.

ஷெல்வாக்கின் நூலில் இருப்பது நடந்த சம்பவம். 1719ஆம் ஆண்டு. ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிட அனுமதி பெற்றுப் புறப்பட்ட ‘ஸ்பீட்வெல்’ என்ற கப்பல் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க எதிர்காற்று, பனி, புயல். மீனும் இல்லை, பறவையும் இல்லை. ஒரே ஒரு கறுப்பு ஆல்பட்ராஸ் மட்டும், வழி தப்பியது போல, பல நாட்களாகக் கப்பலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அடிக்கடி மனச்சோர்வில் விழும் சைமன் ஹாட்லி என்ற துணைத் தலைவருக்கு அதன் கறுப்பு நிறம் அபசகுனமாகப் படுகிறது. சில முறை குறி தவறிய பிறகு சுட்டு வீழ்த்துகிறார். பறவை போனால் நல்ல காற்று வரும் என்று அவர் நம்பியிருக்கலாம் என்கிறார் ஷெல்வாக். காற்று மாறவில்லை. சிலிக் கரையை எட்டும்வரை எதிர்காற்றுதான் வீசியது.

ஹாட்லியின் செயல் கொடியது. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. பயத்திலும் மூடநம்பிக்கையிலும் பிறந்த காரணம்தான் என்றாலும் காரணம் காரணம்தான். கோல்ரிட்ஜ் என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். சுட்டவனின் கையிலிருந்து அந்தக் காரணத்தைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதை எறிந்துவிடாமல், கப்பலில் இருந்த மற்ற 200 பேரிடம் கொடுத்துவிட்டார். பாட்டின் நியாயம் முழுவதும் இந்தக் கைமாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அம்பு பாயும் இடம்

பாட்டு தொடங்குவது ஒரு கல்யாண வீட்டு வாசலில். உள்ளே மேளதாளம் கேட்கிறது. உள்ளே போக நின்ற மூவரில் ஒருவனை, மாப்பிள்ளைக்கு நெருங்கிய உறவினனை, வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர், அந்த முதிய மாலுமி, பிடித்து நிறுத்தித் தன் கதையைச் சொல்கிறார். கப்பல் தெற்கே தள்ளப்பட்டுப் பனிக்கட்டிக் கடலில் சிக்கியது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆல்பட்ராஸ் வந்தது. அதுவும் ஓர் உயிர், நம்மில் ஒருவர் என்பது போல, கடவுளின் பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். அதுவரை அது தின்றறியாத உணவைத் தின்றது. பனிக்கட்டி இடி போல் பிளந்து வழிவிட்டது. தென்காற்று பின்னாலிருந்து எழுந்தது. இரைக்கோ விளையாட்டுக்கோ, கூப்பிட்ட குரலுக்குப் பறவை தினமும் வந்தது. ஒன்பது மாலைகள் பாய்மரத்திலோ கயிற்றிலோ வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் கிழவரின் முகம் மாறுகிறது. நமக்கு அது எப்படித் தெரிகிறது? கேட்டுக்கொண்டிருப்பவன் பதறிப்போய்ச் சொல்கிறான்: “கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும், உங்களை இப்படி வதைக்கும் பேய்களிடமிருந்து! ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?” பதில் ஒன்றரை வரி. குறுக்குவில்லால் அந்த ஆல்பட்ராஸை எய்தேன். பாகம் முடிந்துவிடுகிறது.

கோபம் வந்தது என்றோ, பசித்தது என்றோ, பயந்தேன் என்றோ ஒரு சொல் இல்லை. அந்தக் காலத்துக் கப்பல்களில் ஆல்பட்ராஸைப் பிடித்துத் தின்பது அரிதான செயல் கூட இல்லை. கேப்டன் குக்குடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் அதன் இறைச்சியைச் சாப்பிட்டதைத் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பசி என்று ஒரு சொல் போட்டிருந்தால் குற்றம் பாதியாகக் குறைந்திருக்கும். கோல்ரிட்ஜ் அதைப் போடவில்லை. காரணத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் கிழவரின் முகம் அப்படிக் கோணுகிறது. ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சொல்லியும் அவருக்கே விளங்காத ஒன்று அங்கே இருக்கிறது.

இருநூறு பேரின் தீர்ப்பு

கால வரிசைக்கு வருகிறேன். பறவை செத்த பிறகு காற்று நின்றுவிடவில்லை. “நல்ல தென்காற்று இன்னும் பின்னால் வீசியது” என்று பாட்டே சொல்கிறது. பறவைதான் இல்லை. இயற்கை உடனே சீறியெழுந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்து மாலுமிகள் பேசுகிறார்கள். பாவி, காற்றை வீசச் செய்த பறவையைக் கொன்றுவிட்டாயே என்று திட்டுகிறார்கள். மூட்டம் விலகிச் சூரியன் எழுகிறது. உடனே பேச்சு மாறுகிறது. பனியையும் மூட்டத்தையும் கொண்டுவந்த பறவை அது, இப்படிப்பட்ட பறவைகளைக் கொல்வது சரிதான் என்கிறார்கள். ஹாட்லியின் வானிலைக் கணக்கு இங்கே, இவர்கள் வாயில், அப்படியே திரும்பி வருகிறது. காற்று வந்தால் ஒரு தீர்ப்பு, வெயில் வந்தால் மறு தீர்ப்பு. கையிலிருந்து இரை வாங்கித் தின்ற பறவை என்பது எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

இதற்குப் பிறகுதான், அவர்கள் கொலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான், கப்பல் அந்த மௌனக் கடலுக்குள் நுழைகிறது. காற்று விழுகிறது, பாய்கள் தொங்குகின்றன. தண்டனை அம்பைத் தொடர்ந்து வரவில்லை. “சரிதான்” என்ற சொல்லைத் தொடர்ந்து வருகிறது. 1817இல் கோல்ரிட்ஜ் பாட்டின் ஓரங்களில் உரைநடைக் குறிப்புகள் சேர்த்தார். அவற்றில் ஒன்று இதை ஐயமில்லாமல் சொல்கிறது: மூட்டம் விலகியதும் அவர்கள் அச்செயலை நியாயப்படுத்தினார்கள், அதனால் குற்றத்தில் கூட்டாளிகள் ஆனார்கள்.

கூட்டாளி என்ற சொல் கோல்ரிட்ஜுக்குப் புதியதில்லை. இந்தப் பாட்டுக்கு இரண்டு ஆண்டு முன்னால், 1795இல், அடிமை வணிகத்தில் கொழித்த பிரிஸ்டல் நகரத்திலேயே நின்று அந்த வணிகத்தைக் கண்டித்துச் சொற்பொழிவாற்றியவர் அவர். மறு ஆண்டு அதை விரித்துத் தன் ‘வாட்ச்மேன்’ இதழில் அச்சிட்டார். கப்பல் தலைவனையும் தோட்ட முதலாளியையும் மட்டும் குற்றம் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தேநீரில் போட்டுக் குடிப்பவர்களுக்கும் அந்த இரத்தத்தில் பங்கு உண்டு என்றார். சாட்டையை ஒருபோதும் தொடாத, பலனை மட்டும் அனுபவிக்கிற கை. முதிய மாலுமியின் கப்பல் அடிமைக் கப்பலின் உருவகம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. பாட்டில் அதற்கு நேரான சான்று இல்லை. ஆனால் வெயில் வந்ததும் கொலையை ஒப்புக்கொண்ட 200 பேரை எழுதிய கைதான், சர்க்கரைக் கிண்ணத்தைச் சுட்டிக்காட்டிய கையும்.

கடல் செய்தது

இயற்கை பழிவாங்குகிறது என்றால் புயலும் சுழலும் வரும் என்று எதிர்பார்ப்போம். இங்கே கடல் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறது. அதுதான் கொடுமை. நிலநடுக்கோட்டருகே இரு திசைக் காற்றுகளும் சந்தித்து மேலெழுவதால் கடல் மட்டத்தில் காற்று செத்துக் கிடக்கும் பகுதி உண்டு. பாய்க்கப்பல் காலத்தில் வாரக்கணக்கில் கப்பல்கள் அங்கே மாட்டிக்கொண்டன. கோல்ரிட்ஜ் அப்போது நெடுங்கடல் பயணம் ஏதும் போனதில்லை. பயண நூல்களைப் படித்தே அந்த அசைவின்மையை எழுதினார். ஓவியத்துக் கடலில் ஓவியத்துக் கப்பல் போல நாள்மேல் நாள் அசையாமல் நின்றோம் என்கிறார் கிழவர். பலகைகள் வெயிலில் சுருங்குகின்றன. ஆழ்கடலே அழுகுகிறது. வழுவழுப்பான பிராணிகள் வழுவழுப்பான கடல்மீது கால்களால் ஊர்கின்றன.

எங்கும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. உலகம் முழுவதும் தெரிந்த வரி. மனிதச் சிறுநீரகத்தால் கடல்நீரின் உப்பை அதே அளவு நீரில் வெளியேற்ற முடியாது. குடிக்கக் குடிக்க உடம்பிலிருக்கும் நீரும் வற்றும். ஆல்பட்ராஸ் அந்த நீரைக் குடித்து வாழும். கண்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து உப்பைப் பிரிக்கின்றன; அலகின் மேலுள்ள குழல் போன்ற நாசித் துளைகள் வழியாக உப்புநீர் சொட்டிப் போய்விடும். இந்த உடலியல் கோல்ரிட்ஜின் காலத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பாகத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தக் கப்பலைச் சுற்றியிருந்த நீரில் உயிர் வாழத் தெரிந்த ஒரே விருந்தாளியைக் கொன்று, அதன் உடலை மாலுமியின் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலுவைக்குப் பதிலாக. கெட்டது நேர்ந்ததும் குற்றம் முழுவதும் ஒரே கழுத்துக்குப் போய்விட்டது. அது அவர்களின் மூன்றாவது தீர்ப்பு.

ஏன் இந்தத் தண்டனை என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே ஒரு விடை உண்டு. ஏழு பாகங்களில் ஐந்தாவதின் முடிவில், மயங்கிக் கிடக்கும் மாலுமிக்கு இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று சொல்கிறது: பனியும் மூட்டமும் நிறைந்த நாட்டில் தனியே வாழும் ஆவி அந்தப் பறவையை நேசித்தது, பறவை, தன்னை எய்த மனிதனை நேசித்தது. கப்பலுக்குக் கீழே ஒன்பது ஃபாதம், அதாவது 54 அடி, ஆழத்தில் தொடர்ந்து வந்தது அந்த ஆவிதான். அது துக்கத்தோடு வந்திருக்கிறது. ஊழ்வினை என்ற நம் சொல்லைச் சொல்லி இதை மூடிவிட எனக்கு மனமில்லை. ஊழ்வினைக்கு நேசம் தெரியாது.

பகடை

என் வாசிப்பு இடறும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். காற்றில்லாக் கடலில் ஓர் எலும்புக்கூட்டுக் கப்பல் வருகிறது. அது வருவதைச் சொல்ல நாக்கு வறண்டுபோனதால், மாலுமி தன் கையைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சி “பாய் தெரிகிறது!” என்று கத்துகிறார். அதில் இருப்பவர்கள் இருவர்: சாவு, உயிரோடு இருக்கும் சாவு என்ற பெண். பகடை உருட்டுகிறார்கள். அவள் மாலுமியை ஜெயிக்கிறாள். மற்ற 200 பேரும் ஒருவர்பின் ஒருவராகச் சாய்கிறார்கள்.

காரணம் கற்பித்தவர்கள் செத்தார்கள், காரணமில்லாமல் கொன்றவர் வாழ்ந்தார் என்று கணக்கு முடிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பகடை என்றால் பகடைதான். தராசு இருக்க வேண்டிய இடத்தில் கோல்ரிட்ஜ் பகடையை வைத்திருக்கிறார். ஒரு பறவைக்கு 200 உயிர் எந்த நியாயத்தில் சேரும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டிலும் இல்லை என்றே நினைக்கிறேன்.

குற்றவுணர்வு எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் இங்கே கூசவைக்கும் தெளிவோடு இருக்கிறது. ஒவ்வொரு ஆன்மாவும் பிரிந்து தன்னைக் கடந்து போகும்போது மாலுமிக்குக் கேட்கும் ஒலி, அவருடைய குறுக்குவில்லின் ‘விர்’ ஒலி. ஒருமுறை விட்ட அம்பை அவர் 200 முறை கேட்கிறார். பிறகு ஏழு பகல், ஏழு இரவு, இறந்தவர்களின் திறந்த கண்களில் சாபத்தைப் பார்த்துக்கொண்டு சாகாமல் இருக்கிறார். வணங்கப் பார்க்கிறார், வாயில் சொல் வரவில்லை.

விடுதலையும் காரணமில்லாமல்தான் வருகிறது. நிலவொளியில் கப்பலின் நிழலருகே நீர்ப்பாம்புகள் நெளிகின்றன. நீலம், பளபளக்கும் பச்சை, வெல்வெட்டுக் கறுப்பு. அவை நீந்திய தடமெல்லாம் பொன்னிறத் தீ. கொஞ்சம் முன்னால் வழுவழுப்பான பிராணிகள் என்று அவர் அருவருத்த அதே கடலின் அதே உயிர்கள். நெஞ்சில் அன்பு ஊறி, தன்னை அறியாமலே அவற்றை வாழ்த்திவிடுகிறார். கழுத்திலிருந்து ஆல்பட்ராஸ் அறுந்து, ஈயம் போலக் கடலில் மூழ்குகிறது. “அறியாமலே” என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொல்கிறார். எய்ததற்கு எப்படி விளக்கம் இல்லையோ, வாழ்த்தியதற்கும் இல்லை. வாழ்த்தினால் மழை வரும் என்று எண்ணி வாழ்த்தியிருந்தால் அவரும் அந்த 200 பேரில் ஒருவர் ஆகியிருப்பார்.

முடியாத தண்டனை

இதற்கப்புறம் மழை, தூக்கம், பிணங்கள் எழுந்து கயிறு இழுப்பது, ஊர்த் துறைமுகம், கப்பல் மூழ்குவது என்று கதை விரைகிறது. நானும் விரைகிறேன். நிறுத்திப் பார்க்க வேண்டியது துறவியின் காட்சி. “என் பாவத்தைக் கேட்டு மன்னியுங்கள் சாமி” என்று மாலுமி கெஞ்சுகிறார். துறவி நெற்றியில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு, “நீ எப்பேர்ப்பட்ட மனிதன், சொல்” என்கிறார். மன்னிப்பு கிடைத்ததாகப் பாட்டில் ஒரு வரி இல்லை. உடம்பு முறுக்கிக்கொள்ள, கதையைச் சொல்லித் தீர்க்க வேண்டியதாகிறது. சொன்னதும் வலி விடுகிறது. பிறகு எப்போது என்று தெரியாத ஒரு நேரத்தில் வலி திரும்பி வரும். கேட்க வேண்டிய முகம் எது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

வேர்ட்ஸ்வொர்த்துக்கு இதெல்லாம் உறுத்தியது. 1800ஆம் ஆண்டிட்ட இரண்டாம் பதிப்பில் பாட்டை முதலிடத்திலிருந்து எடுத்துத் தொகுதியின் இறுதியை ஒட்டித் தள்ளி, குறைகளையும் பட்டியலிட்டார். மாலுமிக்குத் தனிக் குணம் இல்லை, அவர் எதையும் செய்வதில்லை, அவருக்கே எல்லாம் நடக்கிறது, நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்றார். நண்பரின் பாட்டுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதியது சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கண்டது பிழையில்லை. குறை என்று அவர் எழுதிய ஒவ்வொன்றும், தன் செயலுக்குக் காரணம் தெரியாத ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதன் துல்லியமான விவரம்.

கவிஞர் அன்னா பார்பால்டு, பாட்டில் நீதி இல்லை என்று குறைப்பட்டதையும் கோல்ரிட்ஜ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நீதி அதிகமாகிவிட்டது என்பதே அவர் பதில். அரேபிய இரவுகளில் ஒரு வணிகன் கிணற்றோரம் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிகிறான். பூதம் எழுந்து வந்து, உன் கொட்டை என் மகனின் கண்ணைக் குருடாக்கிவிட்டது, உன்னைக் கொல்ல வேண்டும் என்கிறது. அந்த அளவுக்கு மேல் தன் பாட்டில் நீதி இருந்திருக்கக் கூடாது என்றார். நன்றாக நேசிப்பவனே நன்றாக வழிபடுகிறான் என்று கிழவர் கடைசியில் சொல்லும் அறிவுரையை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அந்த வரிகள் பொய்யில்லை. ஆனால் அவர் பட்ட பாட்டுக்கு முன்னால் அவை சிறுத்துப்போகின்றன.

1817இன் ஓரக் குறிப்புகள் பலவற்றை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். இளைஞர் திறந்து விட்டுப்போன இடங்களை நடுவயதுக்காரர் வந்து அடைக்கப் பார்க்கிறார். ஒரு குறிப்பு மட்டும் விலக்கு. மாலுமி பறவையைக் கொன்றதைச் சொல்லும்போது, விருந்தோம்பலை மீறிக் கொன்றார் என்று அது சொல்கிறது. அது வந்த விருந்து. வரவேற்று, சோறு போட்டு, பழகிய பிறகு எய்தது.

கதையை முடித்துவிட்டுக் கிழவர் போய்விடுகிறார். உள்ளே தோட்டத்தில் மணப்பெண்ணும் தோழிகளும் பாடுகிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவன், மாப்பிள்ளையின் நெருங்கிய சொந்தம், ஒரு பறவைக்கும் தீங்கு நினைக்காதவன், மூளை கலங்கியவன் போல அந்த வாசலிலிருந்து திரும்பி நடக்கிறான். விருந்து நடந்துகொண்டிருக்கிறது. அவன் சாப்பிடவில்லை.